காலையில் சிவந்து வந்த தண்ணீர்: உகாண்டா கிராமம் ஒன்றில் நாங்கள் போட்ட அடிபம்பு

உகாண்டாவின் லுவேரோ மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கு நாங்கள் ஆழ்துளைக் கிணறும் அடிபம்பும் போட்டுக் கொடுத்தோம். மூன்று வருஷத்துக்குள் அதை யாரும் தொடுவதில்லை என்றாகிவிட்டது. ஏன் அப்படி ஆனது, காரணம் தெரிய எங்களுக்கு ஏன் இத்தனை நாள் பிடித்தது, அதற்குள் அந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன். ஊர்ப் பெயர், ஆட்கள் பெயர், கிணறு தோண்டிய நிறுவனத்தின் பெயர் எதையும் சொல்லவில்லை. எங்களைப் போலச் சின்னக் குழுவாகச் சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கு உதவுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நாங்கள் செய்த தவறை அவர்களும் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

கம்பாலாவில் வேலை பார்க்கிற பதினைந்து பேர் நாங்கள். பாதிக்கு மேல் தமிழர்கள், மற்றவர்கள் குஜராத்திக் குடும்பங்கள். மாதா மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைப்போம், கணக்கு என் பொறுப்பு. பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, மருத்துவச் செலவு என்று சின்னச் சின்ன உதவிகளாகத்தான் செய்துகொண்டிருந்தோம்.

எங்களில் ஒருவரிடம் ஓட்டுநராக இருந்தவரின் சொந்த ஊர்தான் இது. கம்பாலாவிலிருந்து குலு போகும் நெடுஞ்சாலையில் வடக்கே போய், செம்மண் பாதையில் பிரிந்து உள்ளே போக வேண்டும். காப்பி, அன்னாசி, மரவள்ளி, பீன்ஸ், அப்புறம் வீட்டைச் சுற்றி மதோக்கே வாழை. 1980-களின் முதல் பாதியில் உள்நாட்டுப் போர் மோசமாக நடந்த பகுதி இது, 'லுவேரோ முக்கோணம்' என்பார்கள். ஊரை விட்டு ஓடி, போர் முடிந்து திரும்பி வந்து மறுபடி வீடு கட்டியவர்கள்தான் அங்கே இருக்கும் பெரியவர்களில் பலர்.

குடிதண்ணீருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, பாப்பிரஸ் கோரை மண்டிய சதுப்பு நிலத்தின் ஓரத்தில் தோண்டிய ஊற்று ஒன்றுதான். பெண்களும் பிள்ளைகளும் இருபது லிட்டர் மஞ்சள் கேனில் அங்கிருந்துதான் கொண்டுவருவார்கள். மாடும் அதே இடத்தில் தண்ணீர் குடிக்கும். ஆகவே கிணறு போடலாம் என்று முடிவெடுக்க எங்களுக்கு ஒரே ஒரு கூட்டம் போதுமானதாக இருந்தது.

எந்தப் பம்பு என்பதிலும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உகாண்டாவில் யு-2 என்று சொல்லும் அடிபம்பு நம் ஊர் தெருக்களில் நிற்கும் இந்தியா மார்க் 2-தான். 1970-களில் யுனிசெஃப் உதவியோடு உருவானது, கோயம்புத்தூர் பக்கத்தில் கள சோதனை செய்தார்கள், சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு க்ரூடாஸ் என்ற அரசு நிறுவனம் தயாரிக்க ஆரம்பித்தது. காப்புரிமை என்று ஒன்றும் வைக்காததால் உலகம் முழுக்கப் பரவியது. நான் கோவை மாவட்டத்துக்காரன். எங்கள் தெருமுனையில் நின்ற பம்பில் தண்ணீர் அடித்து வளர்ந்தவன் என்பதால், அதே பம்பை லுவேரோவில் பார்த்தபோது வந்த நம்பிக்கையில் அதற்கு மேல் எதையும் கேட்கத் தோன்றவில்லை. அந்த நம்பிக்கைதான் பின்னால் தவறாகிப் போனது, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

2013: கிணறு போட்டது

தோண்டும் நிறுவனம் கொடுத்த மதிப்பீட்டில் பம்பின் தலைப்பகுதி, சிலிண்டர், கிணற்றுக்குள் இறக்கும் மூன்று மீட்டர் நீள ஜி.ஐ. பைப்புகள் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது. ஜி.ஐ. என்றால் துத்தநாகப் பூச்சுப் போட்ட இரும்பு. எங்கள் ஊரிலும் அதுதான், இருபது வருஷம் உழைத்தது. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதித்தோம். கிருமி இல்லை என்ற வரியைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டுத் தாளைக் கோப்பில் வைத்துவிட்டேன்.

கிராமத்தின் பங்கும் முறைப்படி நடந்தது. கிணற்றை ஊரே பராமரிக்க வேண்டும் என்பது உகாண்டாவில் பல வருஷமாக உள்ள ஏற்பாடு. தண்ணீர்க் குழு ஒன்று, அதில் கணிசமாகப் பெண்கள், பம்பைக் கவனிக்க ஒருவர், பணத்துக்கு ஒரு பொருளாளர். பெரிய பழுது என்றால் துணை மாவட்டத்தில் இருக்கும் பம்பு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், அவருக்குக் கூலியும் சாமானுக்குக் காசும் ஊர்தான் தர வேண்டும். வீட்டுக்கு மாதம் ஆயிரம் ஷில்லிங் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தார்கள். பொருளாளராக ஐம்பது வயதுப் பெண் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கணவர் இல்லை, கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு, எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்தவர். திறப்பு நாளில் எங்கள் பெயர்கள் பொறித்த பலகையைச் சிமெண்டில் பதித்தோம், புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் நாங்கள் யாரும் அங்கே போகவில்லை. ஓட்டுநர் வேறு வேலைக்குப் போய்விட்டார், செய்தி வரும் ஒரே வழியும் அதோடு நின்றுபோனது.

2017 ஜனவரி: பார்த்தது

வேறு வேலையாக அந்தப் பக்கம் போன எங்கள் உறுப்பினர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் எழுதினார்: பம்பைச் சுற்றிப் புல் முளைத்திருக்கிறது, பெண்கள் மறுபடி சதுப்பு நிலத்துக்குப் போகிறார்கள், குழு கலைந்துவிட்டது, பணம் வசூலிப்பதே இல்லை. 'இலவசமாகக் கொடுத்தால் இப்படித்தான், தங்கள் பொருள் என்ற எண்ணமே வராது' என்று அதன் கீழே இன்னொருவர் எழுதினார். அதை ஆமோதித்தவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த வாரம் நாங்கள் மூன்று பேர் போனோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே வறட்சிக் காலம், தண்ணீருக்கு மிகவும் கஷ்டப்படும் மாதங்கள். அப்போதுகூட அந்தப் பம்பில் ஆள் இல்லை. கைப்பிடியைப் பிடித்து அடித்தேன். பத்துப் பதினைந்து அடிக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பம்பு கெட்டுப்போகவில்லை. வந்த தண்ணீர்தான் செங்காவி நிறத்தில் இருந்தது.

ஊர்க் கவுன்சில் தலைவர் எங்களை உட்கார வைத்து, மக்கள் ஒத்துழைப்பதில்லை என்றுதான் சொன்னார். கூட்டம் போட்டால் ஆண்கள்தான் பேசினார்கள், அதுவும் பணத்தைப் பற்றி மட்டும். எங்களோடு வந்திருந்த உறுப்பினரின் மனைவி பெண்களோடு சதுப்பு நிலம் வரைக்கும் நடந்து போய்விட்டு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தத் தண்ணீரில் தேயிலை போட்டால் மை மாதிரி கறுக்கிறது, மதோக்கே வெந்தால் சாம்பல் நிறமாகிறது, பிள்ளைகளின் பள்ளிச் சட்டை மஞ்சளாகிவிடுகிறது, வாயில் வைத்தால் ஆணி கடித்த ருசி. விருந்தாளிக்கு அந்தத் தேநீரை எப்படிக் கொடுப்பது என்று ஒருவர் கேட்டாராம். ஒன்றரைக் கிலோமீட்டர் நடப்பதா, இந்தத் தண்ணீரா என்று யோசித்துத்தான் அவர்கள் நடந்திருக்கிறார்கள்.

பொருளாளர் விஷயம் அதற்குப் பிறகு வெளியே வந்தது. பம்பு போட்டு ஒரு வருஷம் கழித்து, 2014 கடைசியில், நிறம் மாற ஆரம்பித்திருக்கிறது. அவர் அதுவரை சேர்ந்த பணத்தை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு, மிகவும் அரித்துப்போன இரண்டு பைப்பை மாற்றியிருக்கிறார். கடையில் கிடைத்தது அதே ஜி.ஐ. பைப்தான். கொஞ்ச நாள் பரவாயில்லை, அப்புறம் மறுபடி சிவப்பு. பணம் போய்விட்டது, தண்ணீர் அப்படியே இருக்கிறது. பைப்பே வாங்கவில்லை, காசைத் தின்றுவிட்டாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஊர்க்கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அதோடு அவர் விலகினார், வசூலும் நின்றது, குழுவும் கலைந்தது.

அவர் வீட்டுக்குப் போனோம். நோட்டை எடுத்துக் காட்டினார். எந்த வீடு எந்த மாதம் கொடுத்தது, பைப்புக்கு எவ்வளவு, மெக்கானிக் வந்த போடா போடாவுக்கு (வாடகை மோட்டார் சைக்கிளுக்கு) எவ்வளவு என்று ஷில்லிங் பிசகாமல் எழுதியிருந்தது, கடை ரசீதும் உள்ளே மடித்து வைத்திருந்தது. இதைக் கூட்டத்தில் காட்டவில்லையா என்று கேட்டதற்கு, காட்டினேன், யாரும் வாங்கிப் பார்க்கவில்லை என்றார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது

தண்ணீரில் இரும்பு இருந்தால் அது இரண்டு வழியில் வரும்: பாறையிலேயே இருக்கலாம், அல்லது பைப் அரித்து வரலாம். இதைப் பிரித்தறிய எளிய வழியை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அந்தத் துணை மாவட்டத்து மெக்கானிக். ராத்திரி முழுக்க யாரும் பம்பைத் தொடக் கூடாது. விடிந்ததும் முதல் தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். பிறகு நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு பாட்டில். நிறம் குறையாமலே வந்தால் மண்ணில் இருக்கும் இரும்பு. அடிக்க அடிக்கத் தெளிந்தால் இரவெல்லாம் பைப்புக்குள் நின்ற தண்ணீர்தான் துருவைக் கரைத்திருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் காலை பிள்ளைகள் மாறி மாறி அடித்தார்கள். முதல் பாட்டில் செங்கல் கரைத்த மாதிரி, மூன்றாவது எலுமிச்சைச் சாறு மாதிரி, ஒரு மணி நேரம் கழித்துப் பிடித்தது ஏறக்குறையத் தெளிந்த தண்ணீர். அந்தப் பாட்டில்களைச் சுவர் ஓரம் வரிசையாக வைத்தோம், ஊரே வந்து பார்த்தது.

அப்புறம் முக்காலி நட்டு, சங்கிலி கட்டி, பைப்புகளை ஒவ்வொன்றாக மேலே எடுத்தார்கள். கீழ்ப் பைப்புகளில் மரை கையோடு உதிர்ந்தது, இரண்டில் ஊசித் துளைகள். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் சிலிண்டரோடு அறுந்து கிணற்றுக்குள் விழுந்திருக்கும் என்றார் மெக்கானிக்.

கம்பாலா திரும்பியதும் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். 2013 ஆய்வுத் தாளில் கிருமி வரிக்கு மூன்று வரி மேலே பி.எச். அளவு இருந்தது, 6-க்குக் கீழே. அதாவது அமிலத் தண்ணீர். 6.5-க்குக் கீழே போனால் துத்தநாகப் பூச்சு நிற்காது, கரைந்துவிடும், அதன்பின் இரும்புதான் நேரடியாகத் தண்ணீரில் நிற்கும். கோவைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினத் தண்ணீர் என்பதால் அங்கே ஜி.ஐ. பைப் தாங்கியது. உகாண்டாவில் பல இடங்களில் பழம்பாறை சிதைந்த மண்ணில் ஊறும் தண்ணீர் அப்படி இல்லை. இது எனக்குத்தான் புதுச் செய்தி, இந்தத் துறைக்கு இல்லை. அமிலத் தண்ணீரில் ஜி.ஐ. கூடாது என்று 1980-களிலிருந்தே எழுதி வந்திருக்கிறார்கள், உகாண்டா அரசே 2016-ல் அடிபம்புகளுக்கு ஜி.ஐ. பைப் போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது. எங்கள் கிணறு அதற்கு முந்தையது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் யோசனை, வேறு இடத்தில் புதுக் கிணறு. குழுவில் பாதிப் பேர் அதைத்தான் விரும்பினார்கள். புதுக் கிணறு என்றால் நன்கொடை கேட்பதும் சுலபம். ஆனால் கிணற்றில் குறை ஒன்றுமே இல்லை, தண்ணீர் தாராளமாக வருகிறது. மாற்ற வேண்டியது பைப் மட்டும்தான், அதற்குக் கிணறு தோண்டும் செலவில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். எனவே வேண்டாம் என்றோம்.

எந்தப் பைப் என்பதில் பி.வி.சி.யும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் இருந்தன. பி.வி.சி. மலிவு, துரு கிடையாது, ஆனால் எங்களிடம் இருந்த பம்பு அமைப்பில் கூடுதல் மாற்றம் தேவைப்பட்டது, எங்கள் மெக்கானிக்குக்கும் அதில் பழக்கம் போதவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விலை அதிகம், என்றாலும் அதே தலைப்பகுதியில் அப்படியே பொருந்தும், கழற்றிப் பூட்டும் விதமும் அவர் அறிந்ததே. மாவட்டத் தண்ணீர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு 304 தரத்தில் பைப்பும் உள்ளே போகும் கம்பியும் வாங்கினோம். எவர்சில்வர் பாத்திரத்தில் தரம் மாறுவது போல இதிலும் பெயருக்கு ஸ்டெயின்லெஸ் என்று மட்டரகம் விற்கிறார்கள், அதனால் தரச் சான்று இல்லாமல் வாங்கவில்லை.

யார் காசு கொடுப்பது என்பதில்தான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். பாதியாவது ஊர் போட வேண்டும், அப்போதுதான் பொறுப்பு வரும் என்றார்கள் சிலர். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தவறான பைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது நாங்கள். அந்த ஊர் ஏற்கனவே ஒரு முறை தன் சேமிப்பைப் போட்டு எங்கள் தவறைச் சரிசெய்யப் பார்த்து, காசையும் இழந்து, தங்களுக்குள் சண்டையும் போட்டுக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் மறுபடி காசு கேட்க எந்த முகத்தோடு போவது? பைப் முழுக்க எங்கள் செலவு, இனி வரும் பழுதுக்கு ஊர் பொறுப்பு என்று முடிவானது. இதில் மனம் ஒப்பாமல் ஒருவர் குழுவை விட்டுப் போனார், இன்றும் அவர் பேசுவதில்லை.

கடைசி முடிவு, தவறு எங்களுடையது என்று ஊர் நடுவில் சொல்ல வேண்டும் என்பது. கழற்றிய பைப்புகளைக் கூட்டத்தில் வைத்தோம், பழைய பொருளாளர் மாற்றிய இரண்டு பைப்பையும் தனியே எடுத்து ரசீதோடு காட்டினோம். பி.எச். அளவு எழுதியிருந்த தாளை நான் படித்தேன், மெக்கானிக் அந்த ஊர் மொழியான லுகாண்டாவில் விளக்கினார். நீங்கள் குற்றம் சொன்ன பெண் பைப் வாங்கினார், இதோ பைப், அதை அரித்தது தண்ணீர், அந்தத் தண்ணீருக்கு இந்தப் பைப்பைப் போட்டது நாங்கள் என்று சொன்னேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கிழவர் எழுந்து போய் அந்தப் பைப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்தது

2017 ஜூனில் பைப் மாற்றினோம். தூக்கி இறக்கும் வேலைக்கு ஊரே வந்தது. லுவேரோ இருக்கும் புகாண்டா பகுதியில் பாதை செப்பனிட, ஊற்றைச் சுத்தம் செய்ய எல்லோரும் கூடிச் செய்யும் பழைய வழக்கம் ஒன்று உண்டு, 'புலுங்கி ப்வான்சி' என்பார்கள், நாட்டின் நலம் என்று பொருள். அந்த முறையில் கூப்பிட்டது தலைவர்தான். எங்கள் பெயர்ப் பலகையை அன்றைக்கே பெயர்த்து எடுத்துவிட்டோம்.

தண்ணீர் தெளிவாக வந்தது, இரண்டு வாரத்தில் பெண்கள் திரும்பினார்கள். பணம் வசூலிப்பது மட்டும் உடனே தொடங்கவில்லை, அதற்கு ஒரு வருஷம் ஆனது. மழைக் காலத்தில் தகரக் கூரையிலிருந்து தண்ணீர் பிடித்துக்கொள்வதால் அந்த மாதங்களில் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. வழி கண்டுபிடித்தது பெண்களே. ஊரில் ஏற்கனவே அவர்களுக்குச் சேமிப்புக் குழு இருந்தது. நம் ஊர்ச் சீட்டு போல வாராவாரம் கூடிப் பணம் போடுவார்கள், பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேரிடம். தண்ணீர்க் காசையும் அதே பெட்டியில் தனிப் பையாக வைத்து, உறுப்பினர்களுக்குச் சின்ன வட்டிக்குக் கடன் கொடுக்கிறார்கள். காசு ஒருவர் வீட்டில் சும்மா கிடப்பதில்லை, எண்ணுவதும் எல்லோர் முன்னிலையில். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது பம்பின் சங்கிலி அறுந்தது, நாங்கள் யாரும் போக முடியாத நேரம். அவர்களே மொபைல் பணமாக மெக்கானிக்குக்கு அனுப்பி, சில நாளில் சரிசெய்துவிட்டு எங்களுக்குத் தகவல் மட்டும் சொன்னார்கள்.

பழைய பொருளாளர் குழுவுக்குத் திரும்பவில்லை. தலைவரே வீடு தேடிப் போய்க் கேட்டார், மறுத்துவிட்டார். பம்பில் தண்ணீர் பிடிப்பார், கூட்டத்துக்கு வர மாட்டார், சேமிப்புக் குழுவிலும் சேரவில்லை. ஒரு பொதுக் கூட்டத்தில் பைப்பைக் காட்டியதால் வருஷக்கணக்கில் சந்தையில் அவர் கேட்ட பேச்சு இல்லாமல் போய்விடாது. இந்த நிகழ்வில் எனக்கு இன்னமும் மனசு ஆறாத இடம் இது.

இப்போது வேறாகச் செய்வது

சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் அடிபம்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று வேலை செய்யாமல் நிற்கிறது. அதற்கு ஊர்மக்களின் அக்கறையின்மையைக் காரணமாகச் சொல்லும் அறிக்கைகளைப் பார்க்கும்போது, பைப்பைத் தூக்கிப் பார்த்தீர்களா என்றுதான் இப்போது கேட்கத் தோன்றுகிறது. அந்த லுவேரோ கிராமத்தில் குழு கலைந்ததால் பம்பு வீணாகவில்லை, பம்பு வீணானதால் குழு கலைந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே பி.எச். பார்த்துவிடுகிறோம், அதற்கான சின்னக் கருவியை நாங்களே வாங்கி வைத்திருக்கிறோம். பைப்பின் வகையும் தரமும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். மெக்கானிக்கை வேலை முடிந்த பிறகு அறிமுகப்படுத்துவதில்லை, மதிப்பீடு வந்ததும் முதலில் அவரிடம்தான் காட்டுகிறோம். மொத்தச் செலவில் ஒரு பங்கைத் திறப்பு நாளில் செலவழிக்காமல் ஒதுக்கி வைக்கிறோம், பன்னிரண்டாம் மாதமும் முப்பதாம் மாதமும் போய்ப் பார்க்க. போகும்போது பம்படியில் பேசாமல், தண்ணீர் தூக்கும் பெண்களோடு நடந்து போய்ப் பேசுகிறோம். நிறம், ருசி மாறினால் யாரைக் கூப்பிடுவது என்று எங்கள் இரண்டு பேருடைய தொலைபேசி எண் பொருளாளரிடம் இருக்கும். பழைய ஊரில் அந்த ஒரு எண் இருந்திருந்தால் 2014 கடைசியிலேயே அவர் எங்களைக் கூப்பிட்டிருப்பார்.

2022-ல் பக்கத்துத் துணை மாவட்டத்திலிருந்து ஒரு ஊர் கேட்டு வந்தது. அங்கே கிணறு ஏற்கனவே இருக்கிறது, வேறு யாரோ போட்டது, தண்ணீர் சிவப்பு, புதுக் கிணறு வேண்டும் என்றார்கள். நாங்கள் மெக்கானிக்கோடு போய், ராத்திரி பம்பைப் பூட்டி வைத்துவிட்டு, விடியற்காலையில் பாட்டில்களோடு உட்கார்ந்தோம்.